ரெக்கார்டு நோட்டில் எழுதாத தோல்

லேபில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். நாம் டிசைன் சொல்லிக் கொடுக்கிறோமா, வடகம் போடுகிறோமா? எனக்கும் வந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய அலுமினியக் குண்டானில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவைக் கரைத்து, கிளிசரினும் வினிகரும் ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டி, கண்ணாடிப் பலகையில் பரப்பி வெயிலில் வைப்போம். காய்ந்ததும் தாள் மாதிரி உரிந்து வரும். மண்ணில் மக்கிப் போகிற பொருளை மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்த்து, அதன் குணம் தெரிந்த பிறகு அதில் ஏதாவது வடிவமைக்க வேண்டும். இதுதான் நம் பாடம். பக்கத்து டிபார்ட்மெண்ட்காரர்கள் எங்களை வடக டிபார்ட்மெண்ட் என்றார்கள். கேண்டீன் மாஸ்டர் ஒருநாள் குண்டானை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மேடம், துளி சீரகம் போட்டீங்கன்னா பொரிச்சே பார்த்தரலாமுங்களே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் கேண்டீன் பக்கமே போகவில்லை.

புதிதாக நாலு ஆசிரியர்கள் சேர்ந்திருக்கிறார்கள், ஓய்வு பெற்றவர் என்ற முறையில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் டிபார்ட்மெண்ட் தலைவர் கேட்டார். எந்த மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை இரண்டு குண்டான் தீய்ந்தால் கை தானாகவே கற்றுக்கொள்ளும். ஒரு காலை வேளையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் பெரிய தப்பைச் செய்தவள் நான்தான். அதனால் இதைப் படித்துவிட்டு மேடம் நம்மைக் குறை சொல்கிறார் என்று யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் லேப் அப்போது காலேஜுக்குப் பின்னால், பழைய பஸ் ஷெட்டில் இருந்தது. மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை, ஓரத்தில் மூன்று கேஸ் அடுப்பு. ராசிபுரம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையிலிருந்து திப்பி வரும். கிழங்கை அரைத்து மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைக்குத்தான் திப்பி என்று பெயர். நாமக்கல் பேக்கரிகளிலிருந்து முட்டை ஓடு சாக்கில் வரும். பரமத்தி வேலூரிலிருந்து வாழை மட்டை டவுன் பஸ்ஸிலேயே வந்துவிடும். ஒரு தடவை கண்டக்டர் மூட்டையைத் தொப்பென்று இறக்கிவிட்டு, "டீச்சருங்க, இந்த நாத்தத்துக்கு ரெண்டு பேரு பாதி வழியிலயே எறங்கிட்டாங்க. அடுத்த வாட்டி லாரில போட்டுக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐப்பசி பிறந்தால் போதும், காய வைத்த தாளில் எல்லாம் பூஞ்சை பூத்துவிடும். சித்திரையில் அதே தாள் அப்பளம் மாதிரி வெடிக்கும். எறும்பு வரும், எலி வரும், ஒருமுறை குரங்கு வந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு தாள் விரிசல் இல்லாமல் உரிந்து வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு பையன் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். அதற்குள் மங்கலாகப் போதமலை தெரிந்தது. இருபது பிள்ளைகளும் கத்திய கத்தலில் பிரின்சிபால் ஓடி வந்துவிட்டார். அந்த ஷெட்டை இடித்துவிட்டுத்தான் உங்களுக்கு இந்தப் பெரிய லேப் கட்டினார்கள். நல்ல லேப்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இன்றும் கனவில் வருவது அந்தத் தகர ஷெட்தான்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

வடக டிபார்ட்மெண்ட் என்ற பெயர் என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இதுவும் படிப்புதான் என்று காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. என்ன செய்தேன் தெரியுமா? ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்தேன். பிரவுன் தாள் அட்டை, ஸ்கேல் வைத்துக் கோடு, நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு. நான் கொடுத்த அளவு எதுவோ அதுதான் நோட்டில் இருக்க வேண்டும். அளவு மாறினால் மார்க் போச்சு, தாள் வெடித்தால் மார்க் போச்சு. வாராவாரம் பச்சை மையில் கையெழுத்துப் போடுவேன். பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நிஜமாக நடந்ததை ரஃப் நோட்டில் கிறுக்கிக்கொள்வார்கள், நான் விரும்புவதை ரெக்கார்டு நோட்டில் முத்து முத்தாக எழுதிவிடுவார்கள். லேபில் பாதித் தாள் வெடித்துக் கிடக்கும், நோட்டில் ஒன்றுகூட வெடித்ததில்லை. என் அலமாரியில் இருந்த நோட்டுகளைப் படித்தால் நம்ம ஊரில் ஐப்பசி மழையே பெய்ததில்லை என்று நினைக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊரெல்லாம் சொல்லும், நான் சுரைத் தோட்டமே போட்டு வைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு கடைசி ஆண்டில் கௌசல்யா என்று ஒரு பெண் இருந்தாள். வெண்ணந்தூர்ப் பக்கம், குச்சிக்கிழங்கு போடுகிற குடும்பம். வாயைத் திறந்து பேச மாட்டாள், கை மட்டும் பேசும். இறுதித் திட்டத்துக்கு அவள் எடுத்தது நாற்றுத் தொட்டி. பிளாஸ்டிக் தொட்டியில் நாற்று வாங்கி நட்டுவிட்டு, தொட்டியை வரப்பில் எறிகிறார்கள் அல்லவா? அதற்குப் பதிலாகத் தொட்டியோடு சேர்த்தே குழியில் வைத்துவிடலாம், தொட்டி மக்கி உரமாகிவிடும். இதற்கு நான் ஓர் அளவு போட்டுக் கொடுத்தேன். வெந்த திப்பி, முட்டை ஓட்டுத் தூள், கூடவே துளி யூரியா. யூரியா என் யோசனை. செடிக்குத் தீனியும் ஆச்சு, தொட்டிக்கு வளைகிற தன்மையும் ஆச்சு என்று எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், திப்பிக்குப் பதிலா பச்சைத் தோலை அரைச்சுப் போட்டுப் பார்க்கட்டுங்களா?"

"எதுக்கு?"

"எங்க காட்டுல கெழங்குத் தோல் கொட்டுற பக்கம் கரையானே வராதுங்க. தொட்டியில போட்டா நாத்துக்கும் கரையான் புடிக்காதில்லீங்களா?"

எவ்வளவு அருமையான யோசனை பாருங்கள். தன் நிலத்தில் பார்த்ததை ஒரு பொருளுக்குள் கொண்டுவருகிறாள். இதற்காகத்தான் நாம் லேபே நடத்துகிறோம். நான் என்ன சொன்னேன்? தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதெல்லாம் உங்க ஊட்டுல வெச்சுக்க. இங்க கொடுத்த அளவைச் செய். வேற ஏதாவது போட்டேன்னா ரெக்கார்டுல கையெழுத்து கிடையாது." அவள் "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள். அவள் நோட்டும் வந்தது. வெந்த திப்பி, முட்டை ஓடு, யூரியா, எல்லாம் என் அளவுப்படி. இருபது நோட்டுகளை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். தொட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

காலேஜ் வேலிக்கு அந்தப் பக்கம் பாவாயி என்று ஒரு அம்மாளின் மானாவாரிக் காடு இருந்தது. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஏழு மேச்சேரி ஆடு வைத்திருந்தார். மழை பொய்த்த வருஷங்களில் அந்த ஆடுகள்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வேலி ஓரம் நின்று என்னிடம் ஊர்க்கதை பேசுவார். "நீங்க கிண்டுறது எங்க ஊட்டுக் களியாட்டமே இருக்குதுங் டீச்சர்" என்று அவரும் தன் பங்குக்குக் கிண்டல் செய்வார். அவர் சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குத் தண்ணி லாரி வந்தது. போகும்போது பின் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டது. கௌசல்யா விடியற்காலையே வந்து முப்பது தொட்டி வார்த்து, ஷெட்டுக்குப் பின்னால் தகரத்தின் மேல் வரிசையாகக் காய வைத்திருந்தாள். ஈரம்கூட வற்றவில்லை. பாவாயியின் ஆடுகளில் ஐந்து உள்ளே புகுந்துவிட்டன. நான் வகுப்பில் இருந்தேன். பாவாயி போட்ட சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால் தகரத்தில் பாதிக்கு மேல் காலி. ஓர் ஆடு கால் உதைத்துக்கொண்டு கிடந்தது. இன்னொன்று தள்ளாடித் தள்ளாடிச் சுவரில் முட்டியது. மற்ற மூன்றும் வாயில் நுரை ஒழுக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன.

பாவாயி ஒரு அரைத் தொட்டியை எடுத்து மூக்கில் வைத்தார்.

"டீச்சருங்க, இதுல குச்சித் தோலு போட்டீங்களா?"

"இல்லவே இல்லைங்க பாவாயி. வெந்த திப்பி. அதை மாடே தின்னுமில்லீங்களா?"

"பச்சைத் தோல் வாசமாட்டம் அடிக்குதுங்க."

"எல்லாம் நோட்டுல இருக்குதுங்க, நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றேன்.  இந்த மண்ணில் ஆடு மேய்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், குச்சிக்கிழங்கின் இலையும் பச்சைத் தோலும் ஆட்டுக்கு எமன் என்று. வேக வைத்தால் அதன் விஷம் பெருமளவு போய்விடும். பச்சையாகத் தின்றால் அரை நாள்கூடத் தாங்காது. அந்த அம்மாள் மூக்கால் கண்டுபிடித்ததை நான் ஒரு பிரவுன் அட்டை நோட்டை வைத்து அடித்துப் பேசிவிட்டேன்.

கால்நடை டாக்டர் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். யாரோ போன் செய்ததும் பைக்கில் வந்துவிட்டார். சின்ன வயது, முகத்தில் பதற்றமில்லாதவர். வந்ததும் வராததுமாக, "என்ன தின்னுச்சு?" என்றார். நான் ஓடிப் போய்க் கௌசல்யாவின் நோட்டைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன்.

"யூரியாவா? அதுக்கு வினிகரே மருந்துங்க, இருக்குதுங்களா?"

எங்களிடம் வினிகருக்கா பஞ்சம்? கேன் கேனாக இருந்தது. ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது, நம் லேப் சாமானே ஆட்டைக் காப்பாற்றப் போகிறது என்று. டாக்டர் தண்ணீரில் கலந்து, கீழே கிடந்த ஆட்டுக்கு முதலில் புகட்டினார். பாவாயி அதன் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அது ஒருமுறை விறைத்தது. அவ்வளவுதான். பாவாயி அதன் தலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "அடுத்ததைப் பாருங்க சாமி. செவலை சினையா இருக்குது. அதை மட்டுமாச்சும் காப்பாத்திக் குடுங்க" என்றார்.

டாக்டர் அடுத்த ஆட்டின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். புகட்டப் போன கை நின்றுவிட்டது.

"கண்ணு இப்படிச் செவசெவன்னு இருக்குதே. யூரியான்னா இப்படி இருக்காதுங்களே. மேடம், நோட்டுல இருக்கறது நிச்சயந்தானுங்களா? யூரியாவுக்கும் கெழங்கு விஷத்துக்கும் மருந்து வேற. தப்பா போட்டுட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். ஷெட் சுவரோடு சுவராகக் கௌசல்யா நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கிழங்குக் காட்டில் பிறந்த பெண், அவளுக்குத் தெரியாதா? எல்லாம் அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது போதாது, அவள் வாயிலிருந்து வந்தால்தான் டாக்டர் மருந்தை மாற்றுவார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். என் நாக்கு நுனி வரை வந்தது "என்னடி போட்ட?" என்பதுதான். அது என் வழக்கமான குரல். அந்தக் குரலுக்கு அந்தப் பிள்ளைகள் நாலு வருஷமாக ஒரே பதிலைத்தான் பழகி வைத்திருந்தார்கள்: "நீங்க சொன்ன மாதிரிதாங்க மேடம்." அதட்டினால் அதையேதான் சொல்லுவாள். பயந்தவளிடம் இன்னும் கொஞ்சம் பயத்தைக் கொடுத்தால் உண்மை வெளியே வராது, இன்னும் உள்ளே போய்விடும். கெஞ்சவும் நேரமில்லை. சுற்றிலும் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள், பிரின்சிபால் வந்துவிட்டார்.

நான் நோட்டை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"கௌசல்யா, இந்தக் கையெழுத்து பொய். நான் உன் தொட்டியைப் பார்க்காமலே போட்டேன். இருபது நோட்டுக்கும் அப்படித்தான் போட்டேன். என் பொய்யை நான் சொல்லிட்டேன். உன்னோடதை நீ சொல்லு சாமி."

 அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். "பச்சைத் தோலுங்க மேடம். காலைல அரைச்சது. வேக வெக்கலைங்க. வேக வெச்சா கரையானுக்கு நிக்காதுங்க. யூரியா போடவே இல்லைங்க."

டாக்டர் வினிகர் பாத்திரத்தைத் தட்டிவிட்டு மருந்துப் பையை எட்டிப் பிடித்தார். கிழங்கு வெட்டுகிற மாதங்களில் அந்த விஷத்துக்கான மருந்து எப்போதும் அவர் பையில் இருக்குமாம். ஊசி ஏற்றுவதற்குள் தள்ளாடிக்கொண்டிருந்த ஆடும் விழுந்து போய்விட்டது. மிச்சம் மூன்று. செவலைக்குத்தான் முதல் ஊசி. கௌசல்யா யாரும் சொல்லாமலே வந்து மண்டியிட்டு அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். பாவாயி அவளை ஒரு பார்வை பார்த்தார், தள்ளிவிடவில்லை. "நல்லா அமுக்கிப் புடி கண்ணு, உதைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று முழுக்க அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒன்று காதை ஆட்டியது. பிறகு செவலை முன்னங்காலை ஊன்றி, விழுந்து, மறுபடி ஊன்றி எழுந்தது. மூன்றாவது சாயங்காலம்தான் நின்றது. அது நின்றதும் கௌசல்யா பாவாயியின் காலில் விழுந்தாள். பாவாயி அவளைத் தூக்கிவிட்டு, "நீ சொல்லாம இருந்திருந்தீன்னா அஞ்சும் போயிருக்கும் சாமி" என்றார். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாசம் அடிக்கிறது என்று சொன்னபோதே நான் கேட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கலாம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரமே மேச்சேரிச் சந்தைக்குப் போய் இரண்டு பெட்டைக் குட்டி பிடித்துவந்து அவர் பட்டியில் விட்டேன். வாங்கிக்கொண்டார், மோர் கொடுத்தார். ஆனாலும் செத்த இரண்டின் பெயரை அவர் வேறு எந்த ஆட்டுக்கும் வைக்கவில்லை.

கௌசல்யா பத்து நாள் காலேஜுக்கு வரவில்லை. படிப்பை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. பஸ் ஏறி வெண்ணந்தூர் போனேன். அவளுடைய அப்பா வாசலிலேயே, "பொய் எழுதுன புள்ளைய எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க மறுபடி அனுப்பறது?" என்றார். "எழுத வெச்ச டீச்சரே மறுபடி லேபுக்குப் போறப்ப, புள்ள வரக் கூடாதுங்களா?" என்றேன். அவர் துண்டை உதறித் திண்ணையில் எனக்கு இடம் போட்டார். அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். மறுவாரம் அவள் வந்தாள்.

அதற்குப் பிறகு லேபில் ஒரே நோட்டுதான். கறை படிந்த, மாவு ஒட்டிய, கண்டபடி எழுதிய ரஃப் நோட்டு. வெடித்த தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம், எதனால் வெடித்தது என்று கீழே எழுதினால் மார்க் உண்டு. அலமாரியில் இருந்த பழைய ரெக்கார்டு நோட்டுகளைக் கூழாக்கி முட்டைத் தட்டு செய்யக் கொடுத்துவிட்டேன். அவற்றால் ஆன ஒரே உபயோகம் அதுதான். பச்சை மைப் பேனா மட்டும் என்னிடம் இன்னும் இருக்கிறது, வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுகிறேன்.

சம்பவம் நடந்து இரண்டு மாதத்தில் ஜூரி, இறுதித் திட்டத்தை மதிப்பிடுகிற நாள். வெளியிலிருந்து வந்தவர் பெரிய அனுபவசாலி, கண்டிப்பானவர். கௌசல்யா மேஜையில் மூன்று தொட்டி வைத்திருந்தாள். ஒன்று முழுக்க வெந்த தோல். ஆட்டுக்கு ஆபத்தில்லை, ஆனால் கரையான் அரித்து ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. இன்னொன்று பச்சைத் தோல், கரையான் தொடவில்லை. மூன்றாவது, மேலே வெந்ததும் அடியில் பச்சையுமாக இரண்டையும் சேர்த்தது. அதன் மேல் அழகான எழுத்தில் ஒரு சீட்டு: 'ஆடு மாடுகளுக்கு எட்டாமல் வைக்கவும்.' ஒரு ஆட்டுப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு. ஜூரிக்காரர் சீட்டைப் பார்த்துப் பாராட்டத் தொடங்கினார்.

கௌசல்யாவே அழைத்து வந்திருந்ததால் பாவாயியும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து சீட்டை உற்றுப் பார்த்தார்.

"எழுதி ஒட்டுனா எம்பட ஆடு படிச்சுப்போடுங்களா சாமி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கௌசல்யா சிரிக்கவில்லை.  நகத்தால் அந்தச் சீட்டை உரித்தெடுத்தாள்.

"அவங்க சொல்றது சரிங்க சார். இது இன்னும் முடியலைங்க. கரையானுக்கு நிக்கணும், ஆட்டுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. ரெண்டும் சேர்ந்து எனக்கு இன்னும் வரலைங்க. இதை யாரும் காட்டுல வெக்க வேண்டாமுங்க."

எத்தனையோ ஜூரி பார்த்துவிட்டேன். ஓட்டைப் பானையைக்கூட 'காற்றோட்ட வசதி கொண்டது' என்று விற்கப் பார்க்கிற பிள்ளைகளைத்தான் நாம் தயாரித்து வந்தோம். தன் திட்டத்தைத் தானே வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஜூரிக்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கைடு நீங்கதானே மேடம்? முடிவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதறது?"

"அஞ்சு ஆட்டுல மூணு பொழைச்சுதுன்னு எழுதிக்குங்க சார்" என்றேன். அவர் புரியாமல் விழிக்க, நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"மூணு இல்லீங் டீச்சர், நாலுங்க" என்றார் பாவாயி பின்னாலிருந்து. "செவலை முந்தாநேத்து குட்டி போட்டிருச்சு. பெட்டைக் குட்டி. நல்லா துள்ளுதுங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். ஜூரிக்காரரின் முகம்கூட இளகிவிட்டது. "அப்ப நாலுன்னே எழுதிடலாமா?" என்று சிரித்துக்கொண்டே கௌசல்யாவிடம் கேட்டார்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"மூணுன்னே எழுதுங்க சார். குட்டி தொட்டியைத் திங்கலைங்க. செத்த ரெண்டையும் எழுதிக்குங்க."